குப்பத்தை அகற்ற நான் வரைந்ததாகச் சொல்லப்படும் படம்

ஒருவருடைய கையெழுத்தை எண்பது பேர் கூடி நின்று, எழுத்து எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு வளைவுக்கும் அர்த்தம் கேட்டால் எப்படி இருக்கும்? எழுதுகிறவர்களுக்கு இது கனவாக இருக்கலாம். எனக்கு அது நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆனால் அந்த எண்பது பேரும் பாராட்ட வரவில்லை. என்னை பஸ் ஏற விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார்கள்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட்டிருப்பேன். (அந்தத் துறையில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.ஏ. முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் திருப்பாலைவனத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நைனா நெல் போட்டுக்கொண்டிருந்தார். நான் நோட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சரியான விடையின் வட்டத்தைக் கருப்பாக்கும் முதல் கட்டத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். (நான்கில் ஒன்று என்பதால் கடவுளுக்கும் அதில் பங்கு இருந்தது.) இரண்டாம் கட்டம்தான் வில்லங்கம். அதில் பக்கம் பக்கமாக விடை எழுத வேண்டும்.

எழுதுவது எனக்குப் பிரச்சினையே இல்லை. நிறுத்துவதுதான் பிரச்சினை. மழைநீர் சேகரிப்பு பற்றிக் கேட்டால், மழை எப்படி உண்டாகிறது என்று தொடங்கி, மேகத்தில் கொஞ்சம் தங்கி, விவசாயிகளின் கண்ணீரைத் தொட்டுவிட்டு நான் சேகரிப்புக்கு வந்து சேரும்போது தாள் தீர்ந்திருக்கும். பொன்னேரியில் சனி ஞாயிறுகளில் நடந்த இலவசப் பயிற்சி வகுப்பில் என் தாளைத் திருத்துகிற சார், ஓரத்தில் சிவப்பு மையில் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் எழுதுவார்: "எங்கே போகிறீர்கள்?"

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. டை கட்டிய ஒருவர், மூளை வரிசையாக யோசிப்பதில்லை, நாலா பக்கமும் கிளை விட்டுத்தான் யோசிக்கிறது என்றார். விடை எழுதும் முன் மூன்று நிமிடம் ஒதுக்கி ஒரு மன வரைபடம் போட்டுவிட வேண்டும். தாளைப் படுக்க வைத்து, நடுவில் வட்டம் போட்டு, அதற்குள் தலைப்பை எழுத வேண்டும். வட்டத்திலிருந்து காரணம், விளைவு, தீர்வு என்று பெரிய கிளைகள். பெரிய கிளையிலிருந்து சின்னக் கிளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், முடிந்தால் ஒரு படம். மிக முக்கியமாக, ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல்தான். வாக்கியம் எழுதினால் செத்தீர்கள் என்கிற மாதிரி விரலை ஆட்டினார்.

அன்றே மழைநீர் சேகரிப்புக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, வேலை செய்தது. மேகத்துக்கு எந்தக் கிளையும் கிடைக்கவில்லை. விவசாயிகளின் கண்ணீர் ஒரு சின்னக் குச்சியில் அடங்கிவிட்டது. கிளைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே எழுதினேன். விடை மூன்றே பக்கத்தில் முடிந்து, முடிவுரை எழுத இடமும் மிஞ்சியது. சார் ஓரத்தில் "பரவாயில்லை" என்று எழுதினார். அவர் அகராதியில் அது தங்கப் பதக்கம்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதற்கெல்லாம் படம் போட்டேன். பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிப்பதற்குக்கூட நடுவில் வட்டம் போட்டு, நாலு அறைக்கும் நாலு கிளை விட்டேன். (ஒட்டடையை அம்மாதான் அடித்தார்.)

"இன்னாம்மா இது, நட்டுவாக்காலி மாரி கீது?" என்றார் நைனா, எட்டிப் பார்த்து.

அம்மாவின் சந்தேகம் இன்னும் ஆழமானது. ஒருநாள் என் தலையணைக்கு அடியில் ஒரு தாளைக் கண்டெடுத்தார். நடுவில் வட்டம், சுற்றிலும் கோடுகள், கோட்டு முனைகளில் துண்டு துண்டாக எழுத்துகள், அங்கங்கே சிவப்பு மை. யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, தாளை அடுப்பில் எரித்துவிட்டார். அந்தத் தாளில் நான் கிளை விட்டிருந்த ஐந்தாண்டுத் திட்டங்கள் அத்தனையும் அன்று சாம்பலாயின.

இனி ஸ்டெல்லா. பயிற்சி வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுடையது. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வருவாள். (குப்பத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் என்னை மறக்கவில்லை.) அவள் அப்பா மற்றவர்களுடைய படகில் கூலிக்குப் போவார். அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல். நானும் ஸ்டெல்லாவும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி, ஒருவர் தாளை ஒருவர் திருத்திக்கொள்கிற அளவுக்கு நெருக்கம். ஆனால் அவளுக்கு எப்போதும் என்னைவிட ஒரு மதிப்பெண் கூட வரும். ஒன்றே ஒன்று. பத்து கூட வந்திருந்தால் நான் அவளை மதித்திருப்பேன். ஒன்று என்பதால் சந்தேகப்பட்டேன்.

அதனால் மன வரைபட ரகசியத்தை அவளிடம் சொல்லவில்லை. வகுப்பில் படம் போடும்போது இடது கையால் மறைத்துக்கொள்வேன். "இன்னாடி மறைக்கற?" என்பாள். "ஒண்ணுமில்ல, கையெழுத்து அசிங்கமா கீது" என்பேன். என் கையெழுத்தை இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருப்பவளிடம் இதைச் சொன்னேன்.

அப்படி இருக்கையில் சார் ஒரு மாதிரிக் கேள்வி கொடுத்தார்: பழவேற்காடு ஏரியை நம்பி வாழும் மீனவர்களின் வாழ்வாதாரச் சிக்கல்களை விவரித்து, தீர்வுகளைக் கூறுக. சிறந்த விடையை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுப்பதாகவும் சொன்னார்.

ஸ்டெல்லாவுக்கு இது சொந்த வீட்டுக் கதை. எனக்கு மீனைக் குழம்பில்தான் தெரியும். ஏரியிலிருந்து பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்தும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எறா கிடைக்கும் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிற ஆள் நான். யோசித்தேன், படமும் போட்டேன். நடுவட்டத்தில் 'ஸ்டெல்லா'. கிளைகளில் 'வீடு', 'விருந்து', 'விவரம்'.

"ஸ்டெல்லா, உங்க அம்மா செய்யற நண்டு தொக்கு சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு" என்றேன், பஸ்ஸில்.

"நீ எப்ப சாப்ட்ட?"

"அதான் சொல்றேன்."

அவள் நல்லவள். ஒரு விடுமுறை நாளில் வரச் சொன்னாள்.

நான் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டுகிற அளவுக்குப் பெரிய சார்ட் தாளைச் சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் செருகி, தோளில் மாட்டியிருந்தேன். கையில் கெட்டி அட்டை நோட்டு, பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனா. வகுப்பு அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்துவிட்டேன். (மறக்கவில்லை. அதைப் போட்டால் ஒரு மிடுக்கு வரும் என்று நினைத்தேன். வந்தது.) பழவேற்காடு கடைத்தெருவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் குப்பத்தில் கால் வைத்தபோது, நிலம் அளக்க வரும் கம்பெனி ஆளுக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. அவர் வந்திருந்தால் தொப்பி போட்டிருப்பார்.

அந்தக் காலம் வேறு சரியில்லை. காட்டுப்பள்ளிப் பக்கத்துத் துறைமுகம் பெரிதாகப் போகிறது, கரையோரம் எல்லாம் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு குப்பத்துக்குக் குப்பம் உலவிக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் படித்திருந்தேன். அந்தப் பேச்சுக்கும் என் தோளில் தொங்கும் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெல்லாவின் அம்மா நண்டை உடைத்துக்கொண்டிருந்தார். "சும்மா ஊர சுத்திப் பாத்துட்டு வரேன் ஆன்ட்டி" என்று நான் கிளம்பினேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் நின்று நின்று விசாரித்தேன். இங்கே எத்தனை வீடு? எத்தனை படகு? இந்த இடத்துக்குப் பட்டா இருக்கா? புயல் வந்தா எங்கே போவீங்க? வேற எடம் குடுத்தா போவீங்களா?

கடைசிக் கேள்விக்கு ஒருவர் வலையைக் கீழே வைத்துவிட்டார். நான் அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கஸ்தூரி அக்காவை அங்கேதான் முதலில் பார்த்தேன். நண்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எனக்கு நாலடி பின்னாலேயே வந்தார். நான் நின்றால் நின்றார். நான் திரும்பினால் ஏரியைப் பார்த்தார். நல்ல மனுஷி, வழி தவறிவிடாமல் கூட வருகிறார் என்று நினைத்தேன்.

மதியம், மீன் ஏலம் விடுகிற கொட்டகை காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரையில் சார்ட்டை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, வரைய உட்கார்ந்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த மன வரைபடம் அதுதான். மேலே தலைப்பாக 'மன வரைபடம்'. நடுவில் நீல வட்டம், அதற்குள் 'ஏரி'. பச்சைக் கிளை 'மக்கள்', அதன் முனையில் 'குப்பம்'. ஊதாக் கிளை 'முகத்துவாரம்', அதாவது ஏரி கடலோடு சேருகிற வாய். அது மண் மூடிப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் அதிலிருந்து 'மண்', மண்ணிலிருந்து 'அகற்று'. இடம் போதாமல் 'அகற்று' பச்சைக் கிளைப் பக்கம் தள்ளிப்போய்விட்டது. பரவாயில்லை என்று ஒரு சிவப்பு அம்பை வளைத்து விட்டேன். மண் வாரும் கப்பல் வரைய எனக்கு வராது. பொக்லைன் வரும். பக்கத்தில் ஒரு பொக்லைன் வரைந்தேன். கழிவுநீருக்கு ஒரு மண்டை ஓடு. கண்காணிப்புக்கு ஒரு பெரிய கண், இமையோடு.

"இன்னாடி வரையற?" ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள்.

நான் சட்டென்று படத்தின் மேல் குப்புறச் சாய்ந்தேன். "ஒண்ணுமில்ல, கோலம்."

"கோலமா?"

"ஆமா. நீ போ, நான் வரேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மதிப்பெண் குறைந்தது. கொட்டகைத் தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு நண்டுக் கூடை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மை காயட்டும் என்று படத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். தொக்கு அமிர்தம். நடுவில் ஸ்டெல்லா தண்ணீர்க் குடத்தோடு ஒருமுறை வெளியே போய் வந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினால், நாலு கல் இருந்தது. படம் இல்லை.

என் சந்தேகம் யார் மேல் போயிருக்கும்? காற்று என்று ஒன்று ஏரிக்கரையில் நாள் முழுக்க அடிக்கிறது. ஊர் என்று ஒன்று சுற்றிலும் இருக்கிறது. என் புத்தி நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனது. வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் புத்தகப் பையைத் திறந்து கவிழ்த்தேன்.

"இன்னா தேடற?" வாசலில் ஸ்டெல்லா நின்றாள்.

"என் கோலத்த."

"கோலத்த எதுக்குடி என் பையில தேடற?"

பதில் யோசிப்பதற்குள் அவள் பின்னால் கஸ்தூரி அக்காவின் முகம் தெரிந்தது. இந்த முறை ஏரியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"தலைவரு கூப்புடறாரு. ஸ்டெல்லா, நீயும் வா. உங்கம்மாவயும் கூட்டிக்கினு வா."

காலியாக இருந்த கொட்டகையில் இப்போது கால் வைக்க இடமில்லை. வலை காயப்போடும் கயிற்றில் என் படத்தைத் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் அழகாக இருந்த படம் செங்குத்தாக நின்றதும் எனக்கே பகீரென்றது. மண்டை ஓடு சிரித்தது. அந்தக் கண் கூட்டத்தை முறைத்தது. பொக்லைன் குப்பத்தை நோக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது. நடுவில் என் அழகான கையெழுத்தில், குப்பத்தைத் தொட்டுக்கொண்டு, 'அகற்று'.

கிராமத் தலைவர் மாசிலாமணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"மன வரைபடம் சார்."

கொட்டகை கொதித்தது. "பாத்தியா, அவ வாயாலயே சொல்ட்டா! மன வரைபடமாம்!"

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பேச்சில் வீட்டு மனையும் 'மன'தான். குப்பத்தை எடுத்துவிட்டு பிளாட் போடுகிறவர்களின் மனை வரைபடம்!

"ஐயோ, வீட்டு மனை இல்ல சார்! மனசு! மனசுல கீறத வரையறது!"

"அதான், உன் மனசுல இன்னா கீதுன்னுதான் நாங்களும் கேக்கறோம்" என்றார் மாசிலாமணி.

படித்த பிள்ளை ஒருவர் தலைப்பை எட்டிப் பார்த்து, "'மன'ன்னுதான் போட்டுக்கிறாங்க தலைவரே, 'மனை' இல்ல" என்று எனக்காகப் பேசினார். மாசிலாமணி யோசித்துவிட்டு, "அவசரத்துல கொம்பு உட்டுட்டிருப்பா" என்றார்.

"கோலம்னு சொன்னா தலைவரே! நான் என் காதால கேட்டேன்" என்றார் கஸ்தூரி அக்கா. "கோலத்துல எதுக்கு பொக்லைனு? எந்த ஊர்ல பொக்லைன் கோலம் போடறாங்கோ? சொல்லு. எங்களயே டபாய்க்கிறியா?"

பரீட்சைக்கு என்றேன். எந்தப் பரீட்சையில் மண்டை ஓடு வரையச் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் 'பயிற்சி' என்று இருந்தது. எதற்குப் பயிற்சி என்றார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது.

அதுவரைக்கும் எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இவங்க வேலைக்கு வந்தவங்கதான? எடம் இல்லன்னாங்கன்னு ஊருதான எடம் குடுத்திச்சி? இப்ப கம்பெனி ஆள இட்டுக்கினு வந்து சோறு போடறாங்க பாரு."

அது ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். நண்டின் மசாலா வாசனை இன்னும் என் விரலில் இருந்தது. ஸ்டெல்லா தலை நிமிரவில்லை. அந்த வீடு அவர்களுக்கு ஊர் வாய்வார்த்தையில் கொடுத்த இடம், ஒரு தாள்கூடக் கிடையாது என்பது எனக்குத் தெரியும். காலையில் நான்தான் பட்டா இருக்கா என்று ஊரெல்லாம் கேட்டிருந்தேனே.

"அவங்களுக்கு எதுவும் தெரியாது சார்" என்றேன். "ஸ்டெல்லா கேட்டா. நான்தான் பொய் சொன்னேன். அவ பாத்தா அவளும் இத மாரி போட்டு என்னவிட ஜாஸ்தி மார்க் வாங்கிடுவான்னு மறைச்சேன். எப்பவும் ஒரு மார்க் ஜாஸ்தி வாங்கறா. நண்டுக்காகக்கூட வரல. விவரம் எடுக்கத்தான் வந்தேன். இப்பகூட அவதான் படத்த திருடிட்டான்னு அவ பையக் கொட்டித் தேடினேன்."

சதித்திட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது மிகவும் சின்ன விஷயமாக இருந்தது.

"ஒரு மார்க்குக்கா?" என்றார் கஸ்தூரி அக்கா. கொஞ்சம் ஏமாற்றமாகவே கேட்டார்.

மாசிலாமணி மட்டும் விடவில்லை. "செரி. பரீட்சைக்குன்னா எழுதிக் காட்டு. இந்தப் படத்த வச்சிக்கினு பதில முழுசா எழுது. நாங்க கேக்கறோம்."

நியாயமான சோதனை. நோட்டை விரித்து, படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அங்கேதான் டை கட்டியவர் என்னைக் கைவிட்டார். ஒரு கிளைக்கு ஒரு சொல் என்றாரே, அந்த ஒரு சொல் எதற்காக என்பது எழுதிய நேரத்தில் பளிச்சென்று தெரிந்தது. எண்பது பேர் பார்க்கையில் எதுவுமே தெரியவில்லை. 'பறவை' என்று இருந்தது. பறவைக்கு என்ன? 'வடக்கு' என்று இருந்தது. வடக்கில் என்ன? மஞ்சள் கிளையின் முனையில் தனியாக ஒரு '3', அடியில் இரண்டு கோடு வேறு.

"அந்த மூணு இன்னா?" என்றார் மாசிலாமணி.

"தெரியல சார்."

"நீதான எழுதின?"

"நான்தான் சார்."

"மூணு மாசம்!" என்று கத்தினார் கஸ்தூரி அக்கா. "மூணு மாசத்துல காலி பண்ணப் போறாங்கோ!"

மறுபடியும் கொதித்தது. (அந்த மூன்று எதன் மூன்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.)

அப்போது ஸ்டெல்லா எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் படத்துக்குப் பக்கத்தில் போய், ஊதாக் கிளையின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க. முகத்துவாரம்னு போட்டுக்கிறா. அதுலேர்ந்து மண்ணு. மண்ணுலேர்ந்து கோடு வளைஞ்சி இப்டி வருது பாருங்க, அகற்று. மண்ண அகற்றணும்னு எழுதிக்கிறா. அத்ததான நாமளும் வருஷா வருஷம் மனு குடுக்கறோம்? எடம் பத்தாம குப்பத்துகிட்ட கொண்டாந்து எழுதிக்கிறா, கிறுக்கி."

அவள் விரல் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக நகர, எண்பது தலைகளும் கூடவே நகர்ந்தன. மாசிலாமணி எழுந்து வந்து, மூக்கு படத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து, தன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "கோடு அங்கதான் போவுது" என்றார்.

பிறகு என் கையிலிருந்த பேனாவை ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு கிளையாக எடுத்து வாக்கியமாகச் சொன்னாள். ஊர் அந்த வாக்கியத்தைத் திருத்தியது. முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எறா குஞ்சு எப்படி உள்ளே வராது, எந்தக் காற்றில் படகு போகாது, நண்டு ஏன் சிறுத்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "'மிகவும்' போடு" என்றார் ஒருவர். "ரெண்டு தபா போடு" என்றார் கஸ்தூரி அக்கா. நானும் எழுதினேன், அவளும் எழுதினாள். என்னைச் சந்தேகப்பட்ட அதே ஆட்கள், விடை நன்றாக வர வேண்டும் என்று எங்களைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். ஸ்டெல்லாவின் அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முடிந்தது என்று நான் எழுந்தபோது மாசிலாமணி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "எல்லாம் செரி. எதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மேற்படி படத்தில் காணும் 'அகற்று' என்ற சொல் முகத்துவாரத்து மண்ணை மட்டுமே குறிக்கும். குப்பத்தையோ, அதன் வீடுகளையோ, படகுகளையோ, கோழிகளையோ குறிக்காது. (கோழிகள் கஸ்தூரி அக்காவின் வற்புறுத்தல்.) கீழே கையெழுத்துப் போட்டேன். படத்தைக் கேட்டேன். "இது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ஷேர் ஆட்டோ வரும்வரை ஸ்டெல்லா என்னோடு நின்றாள். வண்டி வந்ததும், "நாளைக்கு பஸ்ல வரும்போது அது எப்டிப் போடறதுன்னு எனக்கும் சொல்லிக் குடு" என்றாள். "அம்பு மட்டும் ஒயுங்கா போடணும் போலக்கீது."

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்ன அவமானம்தான். ஆனால் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட உடனேயே படத்தைப் பத்துப் பேர் போனில் எடுத்திருந்தார்கள். ஸ்டெல்லா விளக்கம் சொன்னது எந்தப் போனிலும் ஏறவில்லை. நான் பஸ்ஸில் வருவதற்குள் என் படம் எனக்கு முன்னால் திருப்பாலைவனம் போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் நைனாவிடம் யாரோ காட்டி, "ரகசியத் திட்டமாம், எந்த அதிகாரி கையெழுத்துன்னு தெரியலயாம்" என்றிருக்கிறார்கள். நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியாதா? வாயைத் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு வந்து, வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். நல்ல திட்டு விழப்போகிறது என்று நின்றேன். நைனா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பாப்பா, எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. நம்ம நெலமும் அதுல வருதா?"

மறுநாள் சனிக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் விடைத்தாளைக் கொடுத்தோம். ஒன்பது பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல விடையை நான் எழுதியதில்லை. (எழுதியது ஊர்.) சார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அதே வாக்கியங்கள், அதே வரிசை, இரண்டிலும் 'மிகவும் மிகவும்'. மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்தார். "யாரைப் பார்த்து யார் எழுதினது?" இரண்டு பேருக்கும் பூஜ்யம். எங்களுக்குள் மதிப்பெண் வித்தியாசம் இல்லாமல் போனது அன்று ஒருநாள்தான்.

நிஜத் தேர்வில் ஏரியும் வரவில்லை, மீனும் வரவில்லை. விண்வெளி ஆராய்ச்சி பற்றிக் கேட்டிருந்தார்கள். ஸ்டெல்லா அந்தத் தடவையே தேறினாள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக மன வரைபடம் போட்டு, அம்புகளை ஒழுங்காக விட்டு, எழுதி முடித்ததும் அதைக் குறுக்கே அடித்துவிட்டாளாம். நான் அடுத்த தடவை தேறினேன். இப்போது ஒரு அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். இன்றும் எதையும் எழுதும் முன் வட்டம் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கிளையிலும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் இருக்கும். ஒற்றைச் சொல்லை எங்கேயும் தனியாக விடுவதில்லை. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இதுதான் எங்கள் வீட்டில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. நான் போனில் அனுப்பும் செய்திகளை என் கணவர் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். போன வாரம் அனுப்பியதை நைனா இரண்டு முறை கேட்டுச் சிரித்தார்: "வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. ஆகவே வரும்போது ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வரவும். இச்செய்தி உப்பைத் தவிர வேறு எதையும் குறிப்பதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் செய்திக்குக் கணவர் அனுப்பிய பதிலை யாரும் கவனிக்கவில்லை. 'சரி' என்று மட்டும் இருந்தது. ஒரே ஒரு சொல். மனிதர் என்ன திட்டத்தில் இருக்கிறார் என்று தெரியவில்லை.